டி.எச். ரோடு துணிக்கடையின் நீலக் கட்டம்: மூன்று முறை போய்வந்த அனுபவம்

இந்தக் கடையின் பட்டுப் பிரிவைப் பற்றியும் விலையைப் பற்றியும் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். துணி விஷயத்தில் அவர்கள் சொன்னதற்கு மேல் சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நான் எழுதுவது கடைக்குள் நுழைவதற்கு முன்பே முடிந்துபோகும் ஒரு விஷயத்தைப் பற்றி, அதாவது மாற்றுத்திறனாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட வாகன நிறுத்தத்தைப் பற்றி. சென்னை வண்ணாரப்பேட்டையில் டி.எச். ரோட்டை (திருவொற்றியூர் நெடுஞ்சாலையை) ஒட்டி நான்கு மாடிகளுடன் இருக்கும் கடை இது. கூறப்போகும் குறைகள் இந்த வட்டாரத்தின் பல கடைகளுக்கும் பொருந்தும் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

எனக்குச் சிறுவயதில் இளம்பிள்ளைவாதம் வந்து வலது கால் சூம்பிப்போனது. தொடையிலிருந்து பாதம்வரை காலிப்பர் என்னும் தாங்குசட்டம் அணிந்து நடக்கிறேன். பின்சக்கரத்தின் இருபுறமும் கூடுதல் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரில் போய்வருகிறேன். மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தகுதியுள்ளவர்களுக்கு இத்தகைய வண்டியை விலையின்றி வழங்குகிறது. தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, திருவொற்றியூர்ப் பக்கம் என் கண்ணில் படுகிற மாற்றுத்திறனாளிகளில் காரில் வருபவர்களைவிட இந்த வண்டியில் வருபவர்களே மிகுதி. பக்கச் சக்கரங்கள் இருப்பதால் இரண்டு சாதாரண ஸ்கூட்டர்கள் நிற்கும் அகலத்தை இது எடுத்துக்கொள்ளும். பின்னோக்கி நகர்த்தும் கியர் என் வண்டியில் கிடையாது. ஆகவே நெருக்கமான வரிசைக்குள் முன்சக்கரத்தை நுழைத்துவிட்டால், வெளியே எடுக்க நல்ல காலைத் தரையில் ஊன்றி உந்த வேண்டும், இல்லையென்றால் யாரையாவது இழுக்கச் சொல்ல வேண்டும். இரண்டு கால்களும் பாதிக்கப்பட்டவருக்கு அந்த முதல் வழியும் இல்லை.

முதல்முறை போனது தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாலை. வாசலுக்கு இடப்புறம் நீலப் பின்னணியில் வெள்ளைச் சக்கர நாற்காலிச் சின்னம் வரைந்த ஒரு கட்டம் இருந்தது. அதைப் பார்த்ததும் உண்மையாகவே மகிழ்ந்தேன். ஏனென்றால் எங்கள் பக்கத்தில் அப்படியொரு கட்டம் வரைந்த கடைகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். கட்டத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. காரில் எந்த அட்டையும் இல்லை, ஆளும் இல்லை. சீருடையில் நின்ற இளைஞரிடம் கேட்டபோது, "டூ வீலரெல்லாம் பின்னாடி சந்துல சார், இது காருக்கு" என்றார். சந்துக்குப் போனால் டோக்கன் கொடுப்பவர் வண்டியை ஒருமுறை பார்த்துவிட்டு, "சைடு வீல் வண்டி இங்க வேணாம் சார், ரெண்டு வண்டி எடம் போயிடும்" என்றார். அவர் சொன்னதில் கணக்குப் பிழை ஏதுமில்லை, குரலில் கடுமையும் இல்லை. ஆனால் கார் வரிசைக்கும் ஆகாமல், இருசக்கர வரிசைக்கும் ஆகாமல், மாற்றுத்திறனாளிகளுக்கென்றே வரைந்த கட்டத்துக்கும் ஆகாமல், ஒரு மாற்றுத்திறனாளி தன் வண்டியோடு தெருவில் நின்றது அன்று நடந்தது.

தெரு முனையில் டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்திவிட்டு, கூட்டத்தில் காலிப்பரோடு நடந்து திரும்பியபோது, வெள்ளைக் காரின் உரிமையாளர் பைகளோடு வந்துகொண்டிருந்தார். இது மாற்றுத்திறனாளிகளுக்கான இடம் என்று பணிவாகத்தான் சொன்னேன். "ரெண்டு நிமிஷந்தான் சார் நின்னுது" என்றவர், என் காலைப் பார்த்துவிட்டு, "நீங்க வண்டி ஓட்டிட்டு, இவ்ளோ தூரம் நடந்துதானே வர்றீங்க" என்று சேர்த்துக்கொண்டார். முழுக்க முடங்கிக் கிடப்பவர்களுக்குத்தான் அந்தக் கட்டம் என்றும், கொஞ்சமாவது நடப்பவர் அதைக் கேட்பது பேராசை என்றும் பலர் மனப்பூர்வமாகவே நம்புகிறார்கள். நடக்க முடிவது வேறு, ஒவ்வோர் அடிக்கும் இடுப்பு விலை கொடுப்பது வேறு என்பதை நடுத்தெருவில் நின்று ஒருவருக்கு எப்படி விளக்குவது?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பார்க்கின்சன் நோயும் ரத்தம் உறையாமை நோயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. பார்த்தவுடன் தெரியாத குறைபாடு உள்ளவர்களிடம் "உங்களுக்கு என்ன?" என்று கேட்கும் உரிமை காவலாளிக்கோ பக்கத்தில் நிற்பவருக்கோ எனக்கோ இல்லை. அடையாள அட்டையைக் காட்டச் சொல்வது மட்டும் போதும்.

இரண்டாம் முறை ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கூட்டம் இல்லாத நேரத்தில், இன்ச் டேப்போடு போனேன். மத்திய அரசின் 2016ஆம் ஆண்டு மாதிரிக் கட்டட விதிகள், இத்தகைய கட்டம் வாசலிலிருந்து 30 மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும் குறைந்தது 3.6 மீட்டர் அகலம் வேண்டும் என்றும் சொல்கின்றன. தூரத்தில் கடை நன்றாகவே தேறுகிறது. வாசல் இருபது தப்படிதான். அகலமோ எட்டடி. 3.6 மீட்டர் என்பது ஏறத்தாழ பன்னிரண்டு அடி. குறைகிற அந்த நாலடியில்தான் காரின் கதவை முழுதாகத் திறந்து, சக்கர நாற்காலியை விரித்து, ஒருவர் இருக்கையிலிருந்து அதற்கு மாற வேண்டும். அதை விட்டுவிட்டுக் கட்டம் வரைந்தால், கார் நுழையும். காரில் வந்தவர் இறங்க முடியாது.

சாய்தளமும் இப்படித்தான். வாசல் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது. ஓரடி ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்குப்படி பதினெட்டு அடி நீளச் சாய்தளம் வேண்டும். இங்கே இருப்பது ஒன்பதடி. கைப்பிடி இருபுறமும் இருக்க வேண்டியது, இடப்பக்கம் மட்டும் இருக்கிறது. வலது கால் பலவீனமான எனக்கு ஏறும்போது அது உதவவில்லை, இறங்கும்போது உதவியது. மேல்முனையில் வரவேற்புக்காக விரித்திருந்த கம்பளத்தின் ஓரம் மடிந்து கிடந்ததில் காலிப்பரின் ஷூ சிக்கியது. பக்கத்தில் இருந்த பெண் ஊழியர் ஓடிவந்து கம்பளத்தைச் சுருட்டி ஓரமாக வைத்தார். அவருக்கு என் நன்றி.

இத்தகைய விதிகள் வெறும் பரிந்துரையாக இருந்ததுதான் நெடுநாள் சிக்கல். 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த நிலையை ஏற்காமல், கட்டாயமான அணுகல் விதிகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்கும்படி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. உரிமைச் சட்டத்தை மீறினால் முதல்முறை பத்தாயிரம் ரூபாய் வரையிலும், மீண்டும் மீறினால் ஐம்பதாயிரத்திலிருந்து ஐந்து லட்சம் வரையிலும் அபராதம் என்று சட்டத்திலேயே இருக்கிறது.

மூன்றாம் முறை போனபோது வாசலில் வயதான காவலாளி ஒருவர் இருந்தார். நீலக் கட்டத்தின் நடுவில் ஒரு சிவப்புக் கூம்பை நிறுத்தி வைத்திருந்தார். என் வண்டி திரும்புவதைப் பார்த்ததும் எதுவும் கேட்காமல் கூம்பை எடுத்துவிட்டு, வண்டியின் மூக்கு தெருவைப் பார்த்திருக்கும்படி வளைத்து நிறுத்தக் கையைக் காட்டினார். கிளம்பும்போது பின்னுக்கு உந்த வேண்டியிருக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இறங்குகையில் இரண்டடி தள்ளி நின்று, "கை குடுக்கட்டா சார், வேணாமா?" என்று கேட்டார். வேண்டாம் ஐயா என்றேன், அத்தோடு விட்டுவிட்டார். அனுமதி கேட்காமல் அக்குளில் கைகொடுத்துத் தூக்குபவர்களால் நான் இருமுறை நிலைதவறி விழுந்திருக்கிறேன். அதனால் அந்த ஒரு கேள்வியின் அருமை எனக்குத் தெரியும். அரைமணி நேரம் கழித்து வந்தபோது ஒரு கார்க்காரர் அவரிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார்; பெரியவர் கூம்பில் கைவைத்தபடி, குரலை உயர்த்தாமல், அசையாமல் நின்றார்.

மேலாளரிடம் அளவுகளை எழுதிக்கொடுத்தேன். பக்கத்துக் கட்டத்தின் நாலடியைச் சேர்த்து மஞ்சள் கோடுகள் போடுவதாகவும், பக்கச் சக்கர ஸ்கூட்டர்களுக்கும் அதுதான் இடம் என்று ஊழியர்களுக்குச் சொல்வதாகவும் கூறினார். வாக்குவாதங்களில் அந்தப் பெரியவரின் பக்கம் நிர்வாகம் நிற்குமா என்றும் கேட்டேன்; நிற்கும் என்றார். இதை எழுதும்வரை கோடுகள் போடப்படவில்லை. இப்போதைக்கு ஐந்துக்கு இரண்டரை தருகிறேன். அதில் ஒன்றரை அந்தப் பெரியவருக்கு.

போக நினைப்பவர்கள் வார நாட்களில் காலை பதினொரு மணிக்கு முன்னால் போவது நல்லது. அந்தப் பெரியவரின் பணி பிற்பகல் இரண்டு மணிவரைதான். சக்கர நாற்காலியில் வருபவர்கள் ஏறுவதற்குத் துணைக்கு ஓராளை அழைத்துச் செல்லுங்கள். லிப்ட் பில் போடும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது, அகலம் போதும்.