மூன்று பேருக்கு மேல் அனுமதி இல்லை: எஃப்லாக்கோடு சில வருடங்கள்

பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து, டெசரக்ட் என்ற எழுத்துணரி மென்பொருள் வழியாக எழுத்தாக மாற்றுவது எங்கள் வேலை. அதற்கென்று இருப்பது நான்கு கோர், எட்டு ஜிபி ரேம் உள்ள ஒரே ஒரு டெபியன் லினக்ஸ் இயந்திரம். வேலை மூன்று பக்கமிருந்து வரும். இரவில் குறித்த நேரத்துக்குக் கிரான் என்ற கருவி தானே தொடங்குவது, ஸ்கேனர் கோப்புறையில் புதுப் படம் விழுந்ததும் தானாகத் தொடங்குவது, "இதை மட்டும் இப்பவே ஓட்டிடுங்க" என்று யாராவது கேட்டு நாங்கள் கையால் தொடங்குவது. மூன்றும் ஒரே நேரத்தில் கூடினால் ரேம் தீர்ந்து, ஸ்வாப் (ரேமில் இருப்பதை வட்டுக்கு மாற்றுவது) தொடங்கி, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே நுழைவதே பெரும்பாடாகிவிடும்.

எல்லா வேலையும் ஒரே பட்டியலிலிருந்து கிளம்பினால் பட்டியலைப் படித்து நிரல்களை ஓட்டும் எக்ஸ்ஆர்க்ஸ் கட்டளையின் -பி (பெரிய எழுத்து) தெரிவே போதும். ஒரே நேரத்தில் இத்தனை நிரல்கள் மட்டும் ஓடட்டும் என்று அதனிடம் சொல்லிவிடலாம். எங்களிடம் கிளம்பும் இடங்களே வேறு வேறு. ஒன்று ஓடுவது இன்னொன்றுக்குத் தெரியாது. அதற்காக ரெடிஸ், வரிசை மென்பொருள் என்று ஒரு பட்டாளத்தையே நிறுவ மனம் வரவில்லை. ஒரு கோப்பைப் பூட்டி, பூட்டு கிடைத்தால் மட்டும் நிரலை ஓட்டும் எஃப்லாக் கட்டளை, யூட்டில்-லினக்ஸ் என்ற அடிப்படைக் கருவித் தொகுப்போடு ஏற்கெனவே இயந்திரத்தில் இருந்தது.

ஓடும் நிரலின் எண்ணைக் குறித்து பிஐடி கோப்பு எழுதி வைக்கும் பழைய முறையைவிட இது ஏன் மேல்? பிஐடி கோப்பு, பேருந்து இருக்கையில் துண்டு போட்டு இடம் பிடிப்பது மாதிரி. போட்டவர் இறங்கிப் போய்விட்டாலும் துண்டு அங்கேயே கிடக்கும். எஃப்லாக்கில் கோப்பு இருக்கிறதா இல்லையா என்பது கணக்கே இல்லை. பூட்டை வைத்திருப்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல். நிரல் ஒழுங்காக முடிந்தாலும், கில் -9 என்ற கட்டாய நிறுத்தம் வாங்கிச் செத்தாலும், கடைசியாக அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருந்தவர் போனதும் பூட்டு தானாக அவிழ்ந்துவிடும். மின்சாரம் போய் இயந்திரம் அணைந்தாலும் சுத்தம் செய்ய எதுவும் மிச்சமிருக்காது.

ஒரு பூட்டு என்றால் ஒருவர்தான் ஓட முடியும். மூன்று பேர் வேண்டுமென்றால் மூன்று பூட்டுக் கோப்புகள். ஸ்கிரிப்ட் முதல் கோப்பை -என் தெரிவோடு முயலும், அதாவது கிடைக்காவிட்டால் காத்திருக்காமல் உடனே திரும்பிவிடும். அடுத்து இரண்டாவது, மூன்றாவது. மூன்றும் நிரம்பியிருந்தால் சில விநாடி தூங்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து. மொத்தமே பத்துப் பன்னிரண்டு வரி பாஷ்.

இதில் கவனிக்க வேண்டியது திரும்பி வரும் எண். பூட்டு கிடைக்காவிட்டால் எஃப்லாக் வழக்கமாக 1 என்று திருப்பும். உள்ளே ஓடிய நிரல் பிழையில் முடிந்தாலும் பெரும்பாலும் அதே 1 தான் வரும். அப்போது கெட்டுப்போன ஒரு படத்தை ஸ்கிரிப்ட் 'இடம் இல்லை' என்று எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்த இடத்தில் ஓயாமல் ஓட்டிக்கொண்டே இருக்கும். -ஈ (பெரிய எழுத்து) தெரிவு கொடுத்து 99 மாதிரி வேறு எண் வைத்துக்கொண்டால் அந்தக் குழப்பம் இல்லை.

பிள்ளை நிரல்கள் (ஒரு நிரல் தொடங்கிவிடும் வேறு நிரல்கள்) விஷயம் இன்னும் நுணுக்கமானது. பூட்டிய கோப்பு உள்ளே ஓடும் நிரலுக்கும், அது பெற்ற பிள்ளைகளுக்கும் பரம்பரைச் சொத்துபோலப் போய்ச் சேரும். வேலை முடிந்ததைத் தெரிவிக்க ஸ்கிரிப்ட் பின்னணியில் ஏவிய ஒரு சின்ன நிரல் தொங்கிப்போனால், முக்கிய வேலை முடிந்தும் இடம் காலியாகாது. எல்எஸ்லாக்ஸ் கட்டளை பூட்டை எடுத்த நிரலின் எண்ணைக் காட்டும். அவர் எப்போதோ போயிருப்பார். கோப்பை இன்னும் யார் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று எஃப்யூசர் கட்டளை சொல்லும். இதற்கு -ஓ தெரிவு உண்டு. அதைப் போட்டால் பூட்டு எஃப்லாக்கிடமே இருக்கும், பிள்ளைக்குப் போகாது. ஆனால் யாராவது எஃப்லாக்கை மட்டும் கொன்றால் உள்ளே இருக்கும் வேலை பூட்டே இல்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எங்களுக்கு -ஓ வேண்டாம் என்று விட்டுவிட்டோம். பின்னணி நிரலை ஏவும் வரியில் மட்டும் அந்தக் கோப்பு எண்ணை (திறந்த பூட்டுக் கோப்புக்கு நிரல் வைத்திருக்கும் எண்) மூடிவிடுகிறோம்.

வேலை முடிந்ததும் பூட்டுக் கோப்பை அழித்துவிடத் தோன்றும். அழிக்கக் கூடாது. பழைய கோப்பை ஒருவர் பூட்டி வைத்திருக்கும்போது அதை அழித்தால், அடுத்து வருபவர் அதே பெயரில் புதுக் கோப்பை உருவாக்கிப் பூட்டுவார். பெயர் ஒன்று, ஐநோடு (கோப்பின் உண்மையான அடையாள எண்) வேறு. ஒரே இடத்தில் இரண்டு பேர்! /ரன்/லாக் நினைவகத்திலேயே இருக்கும் கோப்புறை என்பதால் காலிக் கோப்புகள் அங்கே கிடந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாம் சரி, இருந்தும் நான்கு கோர் இயந்திரம் மூன்று வேலைக்கே திணறியது. காரணம் பூட்டில் இல்லை. டெசரக்ட் 4 ஒரு பக்கத்துக்கே நான்கு திரெட் (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் இழை) வரை எடுத்துக்கொள்ளும். மூன்று நிரல் என்றால் பன்னிரண்டு திரெட். திரெட் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் ஓஎம்பி திரெட் லிமிட் என்ற சூழல் மாறியை 1 ஆக்கிய பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் ஆகும் நேரம் கொஞ்சம் கூடியது. ஆனால் ஓர் இரவில் முடியும் பக்கங்கள் நன்றாகவே கூடின. நிரல்களை எண்ணுகிறோமா, அவை தின்னும் வளத்தை எண்ணுகிறோமா என்பதைப் பார்க்காமல் பூட்டு எண்ணிக்கையை மட்டும் கூட்டிக் குறைப்பதில் பலனில்லை.

குறை என்று சொன்னால் வரிசை இல்லாததுதான். முதலில் வந்தவருக்கு முதலில் இடம் என்ற உத்தரவாதம் கிடையாது. தூங்கி எழும் நேரத்தில் யாருக்கு அதிர்ஷ்டமோ அவருக்கு. இரவு வேலைக்கு இது பரவாயில்லை. கையால் தொடங்கும் அவசர வேலைக்குத்தான் எரிச்சல். அதற்கு வரிசை முறை எழுதாமல், மூன்றில் ஓர் இடத்தைக் கையால் ஓட்டுவதற்கென்றே ஒதுக்கிவிட்டோம். பகலில் அது பாதி நேரம் சும்மா இருக்கிறது, இருக்கட்டும்.

செய்தித்தாள் பக்கங்கள் இன்னும் தொல்லை. ஒரே பக்கம் சாதாரணப் பக்கத்தைப்போலப் பல மடங்கு நினைவகம் கேட்கும். அவை ஓர் இடத்தைப் பிடிப்பதற்கு முன் 'பெரியது' என்ற தனிப் பூட்டையும் எடுக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். எந்த நேரமும் ஒரு செய்தித்தாள் பக்கம்தான் ஓடும், மற்ற இடங்களில் சின்னப் பக்கங்கள் போய்க்கொண்டிருக்கும்.