உப்புக் காற்றில் அலங்கார காங்கிரீட்: நாமே போடலாமா, ஆள் விடலாமா?

வாசலில் ஸ்டாம்ப் காங்கிரீட் (ஈரக் காங்கிரீட்டில் அச்சுப் பதித்துக் கல் பாவியது போலக் காட்டும் தளம்) போட்டது 2020 தை மாதம், வெளியூர் டீமை வைத்து. அதே வருடம் திண்ணைக்கு ரெட் ஆக்சைடு, உள்ளூர் கொத்தனார் கையால். கொல்லைக்குப் போகிற நடைக்கல் எல்லாம் நானே வார்த்தவை. வீடு உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில். ராத்திரி பைக்கை வெளியே விட்டால், காலையில் சீட்டில் கை வைத்ததும் பிசுபிசுக்கும். மூன்று வேலையும் ஒரே காற்றிலும் ஒரே வெயிலிலும் கிடப்பதால் ஒப்பிட்டுப் பார்க்க எனக்கு வேறு இடம் தேவைப்படவில்லை.

கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த வேலையை நடுவில் நிறுத்த முடியுமா? இன்று பாதி, நாளை பாதி என்று செய்ய முடிந்தால் நீங்களே இறங்கலாம். கலவை கொட்டிவிட்டால் முடித்துவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்கிற வேலையா, ஆள் விடுங்கள். கைத்திறமை, டிசைன் பற்றிய பேச்செல்லாம் அதற்கு அப்புறம்.

ஸ்டாம்ப் காங்கிரீட் இரண்டாவது ரகம். யூடியூபில் ஒரு ஆள் ரப்பர் பாயைப் போட்டு மிதிக்கிறார், கல் பாவியது போல வந்துவிடுகிறது. அந்த வீடியோவில் தெரியாதது எடை. 10 அடிக்கு 10 அடி இடம், 4 அங்குலக் கனம் என்றால் 33 கன அடி. எடை இரண்டேகால் டன்னைத் தொடும். எம்-20 என்கிற தரத்துக் கலவைக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமெண்ட். இவ்வளவையும் கலந்து, கொட்டி, மட்டப்பலகை இழுத்து, வாட்டம் பார்த்து, மேல்பரப்புக்கு நிறமும் உறுதியும் தரும் கலர் ஹார்டனர் பொடியை இரண்டு தடவையாகத் தூவி, மணியாஸ் கட்டையால் தேய்த்து உள்ளே இறக்க வேண்டும். பிறகு பாய் ஒட்டாமலிருக்க ரிலீஸ் பவுடர். அதற்கப்புறம்தான் அச்சு.

அச்சு வைக்கும் நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வந்த மேஸ்திரி கையில் கடிகாரமே இல்லை. விரலால் அழுத்திப் பார்ப்பார். கால் அங்குலம் பதிய வேண்டும், விரலில் சிமெண்ட் பால் ஒட்டக்கூடாது. ஒட்டினால் சீக்கிரம், பதியாவிட்டால் முடிந்தது கதை. எங்கள் வாசலில் தென்னை நிழல் விழுந்த ஓரம் இன்னும் இளசாக இருக்கும்போதே ரோட்டுப் பக்கம் இறுக ஆரம்பித்துவிட்டது. அவர் ஒன்றும் பேசாமல் ஆட்களை வரிசை மாற்றி ரோட்டுப் பக்கத்திலிருந்து பாய் போடச் சொன்னார். அந்த ஒரு முடிவுக்குத்தான் கூலி என்று எனக்குப் பட்டது. சாதா தளத்துக்கு உள்ளூரில் கேட்டதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கினார்கள். அந்தப் பணத்தில் எனக்கு வருத்தமில்லை.

இதையே கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று வீசும் ஆனி, ஆடியில் செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே வேண்டாம். காற்று மேல் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போய்விடும். அடியிலிருந்து நீர் ஏறி வருவதற்குள் மேல்தோல் காய்ந்து, இறுகுவதற்கு முன்பே மயிர்வெடிப்பு விழும். ரிலீஸ் பவுடரோ பக்கத்து வீட்டுக் கொடியில் காயும் வேட்டியில் போய் உட்காரும். தை, மாசி நல்ல காலம். அப்போதும் தார்ப்பாய் கட்டிக் காற்றை மறைத்துத்தான் போட்டார்கள். ஐப்பசி, கார்த்திகையில் போடத் தேதி கொடுக்கிற ஆளிடம் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் போர் போட்டால் பாதி இடத்தில் உப்புத்தான். காங்கிரீட் கலக்கும் தண்ணீருக்கு ஐ.எஸ். 456 என்கிற இந்தியத் தரநிலை வைத்திருக்கும் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்பு) வரம்பு, கம்பி இல்லாத வேலைக்கு லிட்டருக்கு 2000 மில்லிகிராம், கம்பி உள்ள வேலைக்கு 500. ஆர்.ஓ. கம்பெனிக்காரர் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் தண்ணீரில் கரைந்திருப்பதை மொத்தமாகத்தான் காட்டும், இதைத் தனியாகச் சொல்லாது, லேபில் கொடுத்துத்தான் பார்க்க வேண்டும். எங்கள் போர் தண்ணீர் கம்பி வேலைக்கு ஆகாது என்று வந்தது. டேங்கர் தண்ணீர் வாங்கினேன், கலக்கவும் நீராற்றவும். டீம்காரர்கள் இதைக் கேட்கவே இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளூரில் எவ்வளவு உப்பு என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவசரமும் இல்லை. வாசல் தளத்துக்குக் கம்பி வலை வேண்டாம், பாலிப்ரொப்பிலீன் நார் போதும் என்று நான்தான் சொன்னேன். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலம், வருடம் முழுக்கப் பெயின்ட் அடித்தும், துருவால் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தியது. ஒன்றரை அங்குலக் காங்கிரீட் மூடலுக்கு அடியில் என் வீட்டில் கம்பி போட்டிருந்தால் அது எம்மாத்திரம்? துருப்பிடித்த கம்பி ஊதும், ஊதினால் தளம் வெடிக்கும், கலரெல்லாம் அதோடு போகும்.

இப்போது எப்படி இருக்கிறது? நிறம் நன்றாகவே நிற்கிறது. இரும்பு ஆக்சைடு சாயம் வெயிலுக்கும் சிமெண்டின் காரத்துக்கும் மசிவதில்லை, மங்கினது மேலே அடித்த சீலர் என்கிற காப்புப் பூச்சுதான். வெடிப்பு, அதற்கென்றே தளத்தில் வெட்டி விட்ட ஜாயின்ட் கோட்டுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. 4 அங்குலத் தளத்துக்கு 8 முதல் 10 அடிக்கு ஒரு வெட்டு, ஆழம் ஒரு அங்குலம், மறுநாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே. டிசைன் கெடுகிறது என்று வீட்டில் முனகினார்கள். கெடட்டும். வெட்டாத தளம் தானாக வெட்டிக்கொள்ளும், அது கோணல்மாணலாக இருக்கும்.

குறை வந்தது சீலரில். முதல் மழைக்காலம் முடிந்ததும் வாசலில் அங்கங்கே மோர் தெளித்தது போல வெள்ளைத் திட்டு. தளத்தில் ஈரம் இருக்கும்போதே அக்ரிலிக் சீலரைக் கனமாக அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடியில் மாட்டிய ஈரம் வெளியே வர வழியில்லை. போன் செய்தால் அடுத்த வாரம், அடுத்த வாரம். பெயர் வேண்டாம். இதில் நல்ல விஷயம், சால்வென்ட் வகை அக்ரிலிக்கை சைலீன் என்கிற கரைப்பான் விட்டு ரோலரால் உருட்டினால் இளகித் திரும்பப் படியும், மாட்டிய ஈரமும் வெளியேறும். சித்திரை மாதக் காலை, முகமூடி, கையுறை, பக்கத்தில் அடுப்போ பீடியோ இல்லாமல் நானே செய்தேன். ஒரு மூலை இன்று, இன்னொரு மூலை நாளை. பாருங்கள், இது நிறுத்தி நிறுத்திச் செய்யக்கூடிய வேலை. அப்போதிலிருந்து சீலர் என் பொறுப்பு. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மெல்லிய பூச்சு. அடிப்பதற்கு முந்தின ராத்திரி ஒன்றரை அடிச் சதுர பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டிவைத்து, காலையில் உரித்துப் பார்ப்பேன். அடியில் வியர்த்திருந்தால் அன்றைக்கு அடிப்பதில்லை. சீலரோடு வழுக்காமல் இருக்கும் பொடியும் கலக்கிறேன். அது இல்லாமல் மழை நேரத்தில் ஸ்டாம்ப் தளம் வயசானவர்களுக்கு ஆபத்து.

திண்ணை வேறு கதை. ரெட் ஆக்சைடைத் தேய்த்து மினுக்கும் கொத்தனார்கள் குறைந்துவிட்டார்கள், ராமநாதபுரம் பக்கம் விசாரித்து ஒருவரைப் பிடித்தேன். கரணையைச் சாய்த்துப் பிடித்து, முதல் தேய்ப்பு முடிந்து கொஞ்சம் விட்டு, அடுத்தது, மறுபடியும். மேற்பரப்பு மங்கலிலிருந்து கண்ணாடியாக மாறுவது கண்ணெதிரே தெரியும். "எத்தனை நாள்ணே தண்ணி நிறுத்தணும்?" என்று கேட்டேன். "தம்பி, தேய்க்கிறது எங்கையில இருக்கு, தண்ணி ஒங்க கையில. பத்து நாளைக்கி ஒரு மூலை காஞ்சாலும் காட்டிக் குடுத்துரும்" என்றார். ஓரத்தில் பாத்தி கட்டி நல்ல தண்ணீர் நிறுத்தினோம். தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைப்பதும் எங்கள் வேலை. மூன்றில் இன்றைக்கும் ஆட்கள் நின்று கேட்பது இந்தத் திண்ணையைப் பற்றித்தான். செலவும் ஸ்டாம்ப்பை விடக் குறைவு. ஓர் ஓரத்தில் மட்டும் உப்புப் பூக்கிறது. உலர்ந்த பிரஷால் தேய்த்துவிட்டுத் தண்ணீர் விட்டுத் துடைத்தால் போகிறது. ஆசிட் வாஷ் சொல்வார்கள், கேட்காதீர்கள். நிறத்தையும் சேர்த்து எடுத்துவிடும்.

நடைக்கல் முழுக்க என் கை. மரச் சட்டம், அடியில் பாலித்தீன், நார் கலந்த கலவை. கரணையால் மழித்ததும், வேலியோரத்துப் பூவரசு இலையை நரம்புப் பக்கம் கீழே இருக்கும்படி வைத்து ஒட்டத் தேய்ப்பேன். மறுநாள் காம்பைப் பிடித்து உரித்தால், நடு நரம்பிலிருந்து ஓரத்துக் கிளைநரம்பு வரை அச்சாகக் கிடக்கும். அந்தக் கோடுகளில் மட்டும் மஞ்சள் ஆக்சைடு பொடியைத் துணியால் ஒற்றி எடுத்தேன். ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு கல்தான், ஞாயிற்றுக்கிழமை வேலை. சரியாக வராத கல்லை குளியலறைக்குப் பின்னால் போட்டால் யார் பார்க்கப் போகிறார்கள்? கடற்கரையில் பொறுக்கிய சங்கு, சிப்பியைப் பதிக்க ஆசைப்படுவீர்கள். நன்றாகக் கழுவாவிட்டால் உப்பைக் கூடவே கொண்டுவரும். பவளத் துண்டை மட்டும் தொடவே வேண்டாம். கீழக்கரையில் பழைய வீடுகளைப் பவளக் கல்லில் கட்டினார்கள் என்பது உண்மை, ஆனால் இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் அது குற்றம்.

நீங்களே செய்தாலும் ரப்பர் கையுறை, பூட்ஸ் கட்டாயம். ஈரச் சிமெண்ட் தோலை அரிப்பது அப்போது தெரியாது, ராத்திரி தெரியும். வெட்டும் மெஷினைத் தண்ணீர் விட்டு ஓட்டுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

ஆள் விடுவதென்றால் ஆல்பம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். போட்ட அன்று எடுத்த போட்டோவில் எல்லாத் தளமும் அழகுதான். தங்கச்சிமடமோ தொண்டியோ தேவிபட்டினமோ, கடலோரத்தில் அவர்கள் போட்டு இரண்டு மழை பார்த்த தளத்தை நேரில் போய்க் காட்டச் சொல்லுங்கள். ஜாயின்ட் எப்போது வெட்டுவீர்கள், எந்தச் சீலர், தண்ணீர் யாருடையது என்று கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குறோம் சார்" என்பது பதிலில்லை.

எனக்கு அடுத்தது கார் ஷெட். வண்டி ஏறும் இடம், ஒரே நாளில் கொட்ட வேண்டியது, ஆள் விடுகிறேன். சீலர் மட்டும் நானே வாங்கி நானே அடிப்பதாகப் பேசி, ரேட்டில் அதைக் கழித்துக்கொண்டிருக்கிறேன். மாசிக்குள் போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தள்ளிப்போனால் அடுத்த தை வரை சும்மா கிடக்கட்டும்.