டிராகன் குவெஸ்டா, ஃபைனல் ஃபேன்டசியா: தங்கச்சிமடத்திலிருந்து ஓர் ஒப்பீடு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையிலேயே நிற்கும் 61 நாள் தடைக்காலத்தில், இராமேசுவரம் தீவிலுள்ள எங்கள் மீனவ ஊரான தங்கச்சிமடத்தில் பகல் பொழுது சட்டென்று நீண்டுவிடும். வலையைச் சீர்செய்து, படகுக்கு வண்ணம் அடித்து முடித்த பிறகும் மிஞ்சுகிற நேரத்தில், ஐம்பது அறுபது மணி நேரம் இழுக்கிற ஜப்பானிய ஆர்.பி.ஜி. (கதை மாந்தராக நாமே மாறி ஆடும் வீடியோ விளையாட்டு) ஒன்றைத் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் என்னிடம் ஆண்டுதோறும் கேட்பது ஒரே கேள்விதான்: டிராகன் குவெஸ்டில் இறங்குவதா, ஃபைனல் ஃபேன்டசியில் இறங்குவதா? நீங்கள் ஒரு விளையாட்டின் மேல் மனத்தைப் பறிகொடுக்க விரும்புகிறீர்களா, ஒரு தொடரின் மேலா என்று அவர்களைத் திருப்பிக் கேட்பது என் வழக்கம். இரண்டும் வேறு வேறு காதல்கள் என்பது எனக்கு இருபது ஆண்டுகள் ஆடிய பிறகுதான் விளங்கியது.

டிராகன் குவெஸ்ட் 1986 மே 27 அன்று எனிக்ஸ் நிறுவனத்திலிருந்து ஃபேமிகாம் என்ற நிண்டெண்டோ விளையாட்டுக் கருவிக்கு வெளிவந்தது. வடிவமைப்புக்கு யூஜி ஹோரியி, உருவங்களுக்கு டிராகன் பால் வரைந்த அகிரா தோரியாமா, இசைக்குக் கோய்ச்சி சுகியாமா என்று அன்று கூடிய மூவரும், சுகியாமா 2021இலும் தோரியாமா 2024இலும் காலமாகும் வரை, அந்தத் தொடரை விட்டு விலகவில்லை. ஃபைனல் ஃபேன்டசி 1987 டிசம்பர் 18 அன்று, ஸ்கொயர் நிறுவனத்தில் ஹிரோனோபு சகாகுச்சியின் முயற்சியில் பிறந்தது. போட்டியாளர்களாக இருந்த இரு நிறுவனங்களும் 2003 ஏப்ரலில் இணைந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆகிவிட்டன. ஆனால் எங்கள் பக்கத்தில் பெண்கடல் என்று சொல்லப்படும் பாக் நீரிணையும், ஆண்கடல் என்று சொல்லப்படும் மன்னார் வளைகுடாவும் அரிச்சல்முனையில் கலந்த பிறகும் ஒன்று அடங்கியும் மற்றொன்று இரைந்துகொண்டும் கிடப்பது போல, ஒரே கூரைக்குள் வந்த பின்னும் இரண்டு தொடர்களின் குணமும் மாறவில்லை.

டிராகன் குவெஸ்டின் குணம் மாறாமை. எந்தப் பாகத்தைத் தொடங்கினாலும் அதே தொடக்க இசை ஒலிக்கும், சிரித்த முகத்தோடு ஸ்லைம் என்ற நீல நிறத் துளி வடிவ எதிரி எதிரே வந்து நிற்கும், பெரும்பாலான பாகங்களில் தேவாலயத்துப் பாதிரியாரிடம் போய்த்தான் ஆட்டத்தைச் சேமிக்க வேண்டும், சண்டையில் ஆளுக்கு ஒரு முறையாக அடி விழும். நெடுநாள் கழித்துப் பிறந்த வீட்டுக்கு வந்தவர், அடுப்பங்கரையில் உப்பு ஜாடி எங்கே இருக்கும் என்று கேட்காமலே கையை நீட்டி எடுப்பது போன்ற சுகம் அது. ஃபைனல் ஃபேன்டசி இதற்கு நேர் எதிரானது. ஒவ்வோர் எண்ணுக்கும் புதிய உலகம், புதிய மனிதர்கள், பல வேளைகளில் புதிய சண்டை முறை. 1991இல் வந்த நான்காம் பாகம், நாம் யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஓடுகிற கடிகாரத்தைச் சண்டைக்குள் கொண்டுவந்தது. 2001இல் வந்த பத்தாம் பாகம் அந்தக் கடிகாரத்தை நிறுத்தி, அடுத்த முறை யாருடையது என்ற வரிசையைத் திரையின் ஓரத்தில் காட்டியது. பதினொன்றும் பதினான்கும் இணையத்தில் கூட்டமாக ஆடுபவை. 2023இல் வந்த பதினாறாம் பாகமோ முழுக்க முழுக்கக் கைவேகத்தை நம்பிய அடிதடி. சொக்கோபோ என்ற பறவையும் சிட் என்ற பெயருடைய ஒருவரும் அடிக்கடி தலைகாட்டுவதை விட்டால், இவற்றைக் கட்டி வைக்கும் கயிறு மெல்லியது. ஆகவே ஏழாம் பாகத்தின்மேல் உயிரையே வைத்திருப்பவர் பதினாறாம் பாகத்தைத் தொடாமலே காலத்தை ஓட்டலாம். அவரை யாரும் குறை சொல்ல முடியாது.

தோல்வியை இரண்டும் எப்படி நடத்துகின்றன என்பதில் இந்தக் குண வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். துபாயிலிருந்து வந்த உறவினர் ஒருவர் விட்டுப்போன பழைய பிளேஸ்டேஷன் 2 கருவியில்தான் நான் ஃபைனல் ஃபேன்டசி பத்தாம் பாகத்தை ஆடினேன். ககாசெட் மலையில் சீமோர் என்ற வில்லனோடு நடக்கும் சண்டைக்கு முன்னால் ஒரு நீண்ட காட்சி வரும். அதைத் தாண்டிச் செல்ல வழியே கிடையாது. ஒவ்வொரு முறை தோற்றபோதும் அந்தக் காட்சியை முதலிலிருந்து பார்த்தேன். ஒருவழியாக அவனுடைய உயிர் கடைசிக் கட்டத்துக்கு வந்த நேரத்தில் ஊரில் மின்சாரம் போனது. அந்தத் தொடரின் பல பாகங்களில் தோற்றாலும் இதே கதிதான்; கடைசியாகச் சேமித்த இடத்துக்குப் பிறகு நீங்கள் செய்தது எதுவும் மிஞ்சாது. டிராகன் குவெஸ்டில் தோற்றால் பெரும்பாலும் தேவாலயத்தில் கண் விழிப்பீர்கள். கையிலிருந்த காசில் பாதி போயிருக்கும், சேர்த்த அனுபவப் புள்ளிகள் அப்படியே இருக்கும். அன்றைய பாடு போயிற்று, ஆனால் படகு கரை சேர்ந்துவிட்டது என்கிற கணக்கு அது. எங்கள் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனால் மட்டும் இரண்டு தொடர்களுக்கும் ஒரே கதிதான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், கைபேசி மட்டுமே இருக்கிறது என்பவர்களுக்கு டிராகன் குவெஸ்ட் ஐந்தாம் பாகம் ஏற்றது, ஏனெனில் கைபேசியை நிமிர்த்திப் பிடித்து ஒற்றைக் கையால் ஆடலாம். சுமாரான மடிக்கணினி இருந்தால் ஃபைனல் ஃபேன்டசி பத்தாம் பாகத்தின் மெருகேற்றிய பதிப்பு ஓடும். எதற்கும் தமிழ் கிடையாது. ஆங்கிலத்தில் டிராகன் குவெஸ்ட் சற்றுக் கடினம்; ஊருக்கு ஊர் வட்டார வழக்கில் பேசுவார்கள், பதினோராம் பாகத்தில் ஓர் ஊரே ஹைக்கூவில் பேசுகிறது. நடுவே அசட்டுத்தனமான ஆபாசக் கிண்டல்களும் வரும். கூடத்தில் பெரியவர்கள் இருக்கும்போது ரிமோட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி மனத்தைப் பறித்தவற்றுக்கு வருகிறேன். ஃபைனல் ஃபேன்டசி பத்தாம் பாகத்தில் சின் என்றொரு பேருரு கடலிலிருந்து எழுந்து கரையோர ஊர்களை வாரிக்கொண்டு போகிறது. அதை வீழ்த்தினாலும் சில ஆண்டுகளில் திரும்பி வந்துவிடும். கிலிகா என்ற துறைமுக ஊர் அப்படி அழிந்த அன்று மாலை, துணியால் சுற்றப்பட்ட உடல்கள் நீருக்கடியில் கிடக்க, யூனா என்ற இளம்பெண் வெறுங்காலோடு நீரின்மேல் நடந்து சென்று, கையிலுள்ள கோலைச் சுழற்றி ஆடுகிறாள். உடல்களிலிருந்து ஒளித்துகள்கள் கிளம்பி அவளைச் சுற்றி மேலே போகின்றன. வழியனுப்பப்படாத உயிர்கள் வாழ்பவர்கள்மேல் பொறாமை கொண்டு கொடிய விலங்குகளாகிவிடும் என்பது அந்த உலகத்தின் நம்பிக்கை. ஆடி அமாவாசையன்று இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் முழங்கால் அளவு நீரில் நின்று எள்ளும் தண்ணீரும் விடுகிற கூட்டத்தைச் சிறு வயதிலிருந்து பார்த்த எனக்கு, அந்தக் காட்சியைப் புரிந்துகொள்ள வசனமே தேவைப்படவில்லை. என் அம்மா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவுப் புயலின்போது ஏழு வயதுப் பிள்ளை. அவருடைய அப்பாவின் உடல் கிடைக்கவில்லை. அம்மாச்சி தன் கடைசி நாள் வரை தாலியைக் கழற்றவில்லை. அந்தப் பத்தாம் பாகத்தை நான் மூன்று முறை முடித்திருக்கிறேன். கிலிகாவை ஒரு முறைகூட அலட்சியமாகக் கடந்ததில்லை. ஆனால் அதே ஆர்வத்தோடு பன்னிரண்டையும் பதினைந்தையும் வாங்கி, பாதியிலேயே விட்டுவிட்டேன்.

டிராகன் குவெஸ்ட் என்னை அப்படி ஒரே அடியில் சாய்த்ததில்லை. ஐந்தாம் பாகத்தில் நாயகன் சிறுவனாகத் தன் தந்தையின் பின்னால் நடந்து போகிறான். வழியில் சண்டை வரும். தந்தை ஒரே முறையில் இரண்டு அடி அடிப்பார், பையன் கையிலிருக்கும் குச்சியால் தட்டுவான். சண்டை முடிந்ததும் பையனுக்குச் சிறு காயம் பட்டிருந்தாலும், நாம் எதையும் அழுத்தாமலே, தந்தை மந்திரம் சொல்லி ஆற்றிவிடுவார். அதைப் பற்றி விளையாட்டு ஒரு சொல்லும் பேசாது. பிறகு அந்தத் தந்தை இல்லாமல் போகிறார். அதற்கடுத்த சண்டையில் அடிபட்டு நிற்கும்போது, நம் காயத்தை நாமே பட்டியலைத் திறந்து ஆற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. துயரத்தை ஒரு பொத்தானின் வழியாகச் சொல்லிவிட்ட இந்த இடத்துக்குப் பிறகுதான், இந்தத் தொடரின் எல்லாப் பாகங்களையும் ஆடிவிடுவது என்று முடிவு செய்தேன்.

இரண்டுக்கும் இடையே எனக்கு மிக முக்கியமாகப் படுகிற வேறுபாடு, நாயகனின் வாய். ஃபைனல் ஃபேன்டசி பத்தாம் பாகத்தின் நாயகன் டைடஸ் தன் கதையைத் தானே சொல்கிறான். யூனா ஆடுவதை இனி ஒருபோதும் பார்க்க நேரக் கூடாது என்று அவனே ஏங்குகிறான். நாம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறோம். டிராகன் குவெஸ்டின் நாயகன் பேசமாட்டான். ஆம், இல்லை என்ற இரண்டே சொற்கள்தான் அவனுக்கு உண்டு; அவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். பெரும்பாலும் எதைச் சொன்னாலும் கதை ஒரே வழியில்தான் போகும் என்பதால், பலர் இதை ஒரு குறையாகவே எண்ணுகிறார்கள். நானும் பதினோராம் பாகம் வரை அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

அந்தப் பாகத்தில், திரும்பி வருவதாக வாக்களித்த மீனவன் ஒருவனுக்காகக் கடற்கன்னி ஒருத்தி காத்திருக்கிறாள். மனிதர்களின் ஆயுள் எவ்வளவு என்பது அவளுக்குத் தெரியாது. கரைக்குப் போய் விசாரித்தால், அவன் இறந்து நெடுங்காலம் ஆகிவிட்டது தெரிகிறது. திரும்பி வந்து அவளிடம் உண்மையைச் சொல்வதா, மறைப்பதா என்று விளையாட்டு நம்மைக் கேட்கிறது. போன தடைக்காலத்தில் அக்கா மகன் அந்த இடத்துக்கு வந்து, பொத்தானை அழுத்தாமல் வெகுநேரம் வைத்திருந்தான்.

"மாமா, நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டான். நான் மறைத்துவிட்டேன் என்பதைச் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்தபோது, கூடத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மா, என்ன விஷயம் என்று கேட்டார். அவன் கதையைச் சொன்னான்.

"அந்தப் புள்ள எத்தன வருசமாக் காத்துக் கெடக்கு?"

"ரொம்ப வருசம், அம்மாச்சி."

"சொல்லிரு, ராசா."

அவன் அழுத்தினான். அடுப்பில் இருந்த குழம்பைப் பார்க்க அம்மா எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு திரையில் நடந்ததை அவர் பார்க்கவில்லை.