டார் பிரவுசர்: தடை செய்யப்பட்ட செய்தித் தளங்களைப் படிக்க எந்த அளவு உதவும்?

2022 மார்ச் 2 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய அரசின் செய்தி நிறுவனங்களான ஆர்.டி., ஸ்புட்னிக் இரண்டையும் தடை செய்தது. இரண்டே நாளில் ரஷ்யா பிபிசி, ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே தளங்களை முடக்கியது. தடை போட்டவர்கள் சொன்ன காரணங்கள் வேறு, தடுத்த முறையும் வேறு. உங்கள் இணையப் போக்குவரத்தைப் பல கணினிகள் வழியே சுற்றி அனுப்பும் டார் பிரவுசர் ஓரிடத்தில் சட்டென வேலை செய்து இன்னோரிடத்தில் திணறுவது அதனால்தான்.

ரஷ்யாவில் டார் தளமே 2021 டிசம்பரில் முடக்கப்பட்டுவிட்டது. அங்கே வெறுமனே 'இணை' பொத்தானை அழுத்தினால் பட்டை பாதியில் நின்றுவிடும். அமைப்புகளில் 'இணைப்பு' பகுதிக்குப் போய் ஒரு பாலத்தை, அதாவது டாருக்குள் போக உதவும் மறைவான நுழைவு வழியை, தேர்ந்தெடுக்க வேண்டும். முதலில் ஸ்னோஃபிளேக்கை முயலுங்கள். தன்னார்வலர்களின் பிரவுசர்கள் வழியே போகும் இந்தப் பாதை, வெளியிலிருந்து பார்க்க வீடியோ அழைப்பு போலத் தெரியும். ஆனால் அந்தத் தன்னார்வலர் பிரவுசரை மூடினால் இணைப்பு அறுந்து, வேறொருவரைத் தேடும். அது பிடிக்கவில்லையென்றால் வெப்டனல் பாலம் கேட்டு வாங்குங்கள். அது வழக்கமான தளங்களுக்குப் போகும் சாதாரண எச்டிடிபிஎஸ் போக்குவரத்து போலவே இருக்கும். பாலம் போட்டும் இணையவில்லையா? கணினியின் கடிகாரத்தையும் நேர மண்டலத்தையும் சரிபாருங்கள். பலர் இதைக் கவனிக்காமல் டாரைக் குறை சொல்கிறார்கள்.

ஐரோப்பாவில் சிக்கல் தலைகீழ். டார் உடனே இணையும், ஆர்.டி. தளம்தான் திறக்காது. உங்கள் போக்குவரத்து மூன்று கணுக்களை (இடையிலுள்ள டார் கணினிகளை) தாண்டிப் போகிறது. கடைசிக் கணு ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ இருந்து, அங்குள்ள இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் வழங்கியை (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் கணினியை) நம்பியிருந்தால், அந்த நாட்டுத் தடை உங்களுக்கும் பொருந்திவிடும். முகவரிப் பட்டையின் இடப்பக்கக் குறியைத் தொட்டால் மூன்று நாடுகளும் தெரியும். அங்கேயே 'இந்தத் தளத்துக்குப் புதிய சுற்று' என்பதை அழுத்துங்கள். முதல் கணு மாறாது, அது பாதுகாப்புக்காக வாரக்கணக்கில் நிலையாக இருக்கும். மற்ற இரண்டும் மாறும். ஒன்றிய நாடுகளுக்கு வெளியே கடைசிக் கணு அமையும்வரை மூன்று நான்கு முறைகூட அழுத்த வேண்டிவரும்.

இதற்காகத்தான் டாரில் மட்டுமே திறக்கும் ஆனியன் (.onion) முகவரிகள் அருமையானவை. பிபிசி 2019 அக்டோபரிலேயே தன் ஆனியன் தளத்தைத் திறந்தது. டாய்ச்சே வெல்லேக்கும் உண்டு. அங்கே பொது இணையத்துக்கு வெளியேறும் கடைசிக் கணுவே கிடையாது, தடுக்க நடுவில் ஆளும் இல்லை. முகவரி 56 எழுத்து நீளம், கையால் தட்டினால் பிழை வரும். அந்த நிறுவனத்தின் சொந்த அறிவிப்பிலிருந்து நகலெடுத்துப் புத்தகக்குறியிடுங்கள். தெரியாதவர் அனுப்பிய ஆனியன் இணைப்பைத் திறக்க வேண்டாம், போலிகள் உண்டு.

பாதுகாப்பு நிலையை 'மிகப் பாதுகாப்பானது' என வைத்தால் ஜாவாஸ்கிரிப்ட் அணைந்து வீடியோ ஓடாது. படிக்க மட்டும் என்றால் அதுவே நல்லது. நடுநிலையில் வைத்தால் ஒலியும் ஒளியும் தட்டினால்தான் இயங்கும். பிரவுசரில் கூடுதல் நீட்சி (ஆட்-ஆன்) எதையும் நிறுவாதீர்கள். உங்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டிவிடும்.

டார் நீங்கள் எதைப் படிக்கிறீர்கள் என்பதை இணைய நிறுவனத்திடமிருந்து மறைக்கும். பாலம் இல்லாவிட்டால், டார் பயன்படுத்துகிறீர்கள் என்பதை மறைக்காது. வாசகரையே தண்டிக்கும் நாட்டில் இந்த வேறுபாடு உயிர்ப் பிரச்சினை. ஐரோப்பிய ஒன்றியத் தடை ஒளிபரப்புவோரையும் அதற்கு உதவும் நிறுவனங்களையும் குறிவைக்கிறது, வாசகரை அல்ல.

கட்டுரை படிக்க, ஒலிப்பதிவு கேட்க டார் தாராளமாகப் போதும், காசும் கேட்பதில்லை. நேரலைத் தொலைக்காட்சிக்கு இது உதவாது. படம் நின்று நின்று வரும்.