நெஞ்சுக் காயம்: குழாய் போதுமா, மார்பைத் திறக்க வேண்டுமா?

டிராக்டர் கவிழ்ந்தோ, தென்னையிலிருந்து விழுந்தோ விலா எலும்பு முறிந்து வருபவருக்கு உடனே பெரிய அறுவை சிகிச்சை வேண்டும் என்றே டெல்டா மாவட்டங்களில் பல குடும்பங்கள் அஞ்சுகின்றன. உண்மையில் பெரும்பாலானோருக்கு நெஞ்சுக்குள் செலுத்தும் குழாயே போதும். அக்குளுக்குக் கீழே, ஐந்தாம் விலா இடைவெளியை ஒட்டி மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு கீறல் வழியாக விரலை விட்டுத் துழாவிப் பார்த்தபின், குழாயைச் செலுத்தி நீர் உள்ள பாட்டிலுடன் இணைப்பார்கள். நுரையீரலைச் சுற்றித் தேங்கிய காற்றும் இரத்தமும் வெளியேற, சுருங்கிய நுரையீரல் விரியும். மூச்சுக்கேற்பக் குழாயில் நீர் ஏறி இறங்குவதை உறவினரும் காணலாம்.

குழாய் போட்டதும் சுமார் 1,500 மி.லி. இரத்தம் கொட்டினாலோ, பிறகும் மணிக்கு 200 மி.லி. வீதம் சில மணி நேரம் தொடர்ந்தாலோ மார்பைத் திறப்பதைத் தள்ளிப்போடக் கூடாது. கத்திக்குத்தில் இதயத்தைச் சுற்றி இரத்தம் தேங்கியவருக்கு மார்பைத் திறப்பதே உயிர் காக்கும். வாகனம் மோதி அடிபட்டு வழியிலேயே இதயம் நின்றவருக்கு அதனால் பலன் மிக அரிது.

திறந்த அறுவைக்கு மயக்க மருத்துவர், இரத்த வங்கி, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்றும் தேவை. ஆகவே வேதாரண்யம் போன்ற தொலைவான ஊர்களிலிருந்து தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பும் முன், தேவைப்படுவோருக்கு அருகிலுள்ள மருத்துவமனையிலேயே குழாய் போடுவது நல்லது என்பேன். 108 வண்டியில் பாட்டில் மார்பு மட்டத்துக்குக் கீழேயே இருக்க வேண்டும். குழாயை மடக்கவோ அடைக்கவோ கூடாது. நெஞ்சில் குத்தி நிற்கும் கம்பியையோ கத்தியையோ பிடுங்கவே கூடாது.