அப்பாவின் டிஸ்சார்ஜ் பேப்பரை ஏஜென்ட் கையில் கொடுத்துவிடாதீர்கள்

படையில் இருந்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ வர வேண்டிய ஓய்வூதியம், ஊனத் தொகை, மருத்துவ உதவி என்று எதற்காவது அலைந்துகொண்டிருக்கிறீர்களா? இதை முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் எதிலும் கையெழுத்துப் போடுங்கள். எங்களுக்குப் பதினான்கு மாதம் வீணாகப் போனது.

அப்பா தவறி மூன்றாவது வாரம் ஒருவர் வீடு தேடி வந்தார். தானும் படையில் இருந்தவன்தான் என்றார், அப்பாவின் யூனிட் பெயரைச் சரியாகச் சொன்னார், அம்மாவுக்கு அதுவே போதுமாக இருந்தது. (இரங்கல் அறிவிப்பில் நாங்களே அந்த யூனிட் பெயரைப் போட்டிருந்தோம் என்பது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.) "நீங்க எங்கயும் அலைய வேண்டாம்மா, சாரோட பேப்பர் எல்லாத்தையும் என்கிட்ட குடுங்க, ஆறு வாரத்துல பணம் கணக்குல வந்துடும்" என்றார். முன்பணம் கொஞ்சம், நிலுவைத் தொகை வந்ததும் அதில் கால் பங்கு அவருக்கு. துக்க வீட்டில் உட்கார்ந்து பேரம் பேச யாருக்கு மனசு வரும்? சரி என்றோம்.

ஒரு கட்டு படிவங்களை எடுத்து, கையெழுத்து விழ வேண்டிய இடத்தில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போனார், அம்மா அந்தப் புள்ளிகளின் மேல் கையெழுத்துப் போட்டுக்கொண்டே போனார். மேலே இருந்த கட்டங்கள் எல்லாம் காலி. நிரப்புவது தன் வேலை என்றார். போகும்போது டிஸ்சார்ஜ் பேப்பர் (அப்பா படையிலிருந்து விடுவிக்கப்பட்டதற்கான சான்று), படையின் மருத்துவக் குழு அறிக்கை, திருமணச் சான்று எல்லாவற்றையும் அசலாகவே எடுத்துக்கொண்டு போனார். இணையக் கணக்கு திறக்க வேண்டும் என்று மறுநாள் போனில் ஓடிபி கேட்டார், அதையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

ஆறு வாரம் ஆறு மாதமானது. போனை எடுத்தால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார், இல்லாவிட்டால் எடுக்கவே மாட்டார். நடுவில் ஒரு தடவை 'ஃபைலை நகர்த்த' என்று இன்னும் பணம் வாங்கினார். அப்புறம் ஒருநாள் மனு நிராகரிக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. மனுவில் உள்ள எண்ணில் அப்படி ஒரு படைவீரர் இல்லை என்று ஒரே வரி.

அந்தக் கடிதத்தோடு அம்மாவை அழைத்துக்கொண்டு முன்னாள் படைவீரர்களுக்கான அரசு நல அலுவலகத்துக்குப் போனேன். அப்படி ஒரு அலுவலகம் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது. அங்கிருந்த அம்மையார் மனுவின் நகலை எடுத்து அம்மா பக்கம் திருப்பி வைத்தார். அம்மா கண்ணாடியைக்கூடப் போடவில்லை. "ஏழும் ஒண்ணும் இடம் மாறியிருக்கு" என்றார். அப்பா படையில் இருந்த இருபத்திரண்டு வருஷமும் ஒவ்வொரு கடித உறையிலும் அந்த சர்வீஸ் நம்பரைத் தன் கையால் எழுதியவர் அவர். நிரப்பிய படிவத்தை ஒரே ஒருமுறை அவரிடம் காட்டியிருந்தால் அன்றைக்கே பிடித்திருப்பார். எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான்.

அதோடு போகவில்லை. அப்பாவுக்கு இல்லாத ஒரு நோயையும் அந்த ஏஜென்ட் மனுவில் சேர்த்திருந்தார், தொகை கூடினால் அவர் பங்கும் கூடுமே. கையெழுத்து அம்மாவுடையது என்பதால் பதில் சொல்ல வேண்டியதும் அம்மாதான். தனியாக விளக்கக் கடிதம் எழுதிக் கொடுத்து அதைத் திருத்தினோம். புது மனுவை அந்த அம்மையார் ஒரே காலைப் பொழுதில் எங்களோடு உட்கார்ந்து எழுதி முடித்தார், அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

இதை எழுதுவதற்கு முன் வெவ்வேறு நாட்டுப் படைகளில் இருந்தவர்களின் குடும்பங்களிடம் பேசினேன், விதிகளையும் தேடிப் படித்தேன். இந்த ஆட்கள் எங்கும் இருக்கிறார்கள், இலவச உதவியும் எங்கும் இருக்கிறது. அமெரிக்காவில் படைவீரர் நலத் துறையின் அங்கீகாரம் இல்லாதவர் மனு தயாரித்துக் கொடுப்பதே சட்டப்படி தவறு. அங்கீகாரம் உள்ளவர்கூட முதல் மனுவுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது, முதல் முடிவு வந்த பிறகு மறுபரிசீலனைக்கோ மேல்முறையீட்டுக்கோதான் வாங்கலாம். ஒருவருக்கு அங்கீகாரம் உண்டா என்று துறையின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்த்துவிடலாம். பிரிட்டனில் படைவீரர் குடும்பங்களுக்கான தொண்டு நிறுவனங்களான ராயல் பிரிட்டிஷ் லீஜியனும், 1885 முதல் இயங்கும் சாஃபா அமைப்பும் காசு வாங்காமல் உதவுகின்றன. இந்தியாவில் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகங்கள் இருக்கின்றன. வரப்போகும் ஓய்வூதியத்தை முன்கூட்டியே இன்னொருவருக்கு எழுதிக் கொடுத்தால் அது செல்லாது என்று அங்கே 1871ஆம் ஆண்டின் ஓய்வூதியச் சட்டமே சொல்கிறது. 'மாதப் பணத்தை எங்களுக்கு மாற்றிக் கொடுங்கள், மொத்தமாக இப்போதே தருகிறோம்' என்று வருபவர்களிடம் இதனால்தான் இன்னும் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்கிறேன்.

தேதி விஷயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இடங்களில் மனு போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான் பணம் கணக்கிடப்படும். அமெரிக்காவில் 'மனு செய்யப் போகிறேன்' என்று மட்டும் முதலில் பதிவு செய்துவிட்டு, அந்தத் தேதியைக் காப்பாற்றிக்கொண்டு ஒரு வருஷத்துக்குள் முழு மனுவைக் கொடுக்கலாம். உங்கள் நாட்டில் அப்படி ஏதாவது உண்டா என்பதை முதல் நாளே கேளுங்கள்.

அப்புறம் காகிதங்கள். அரசிடம்தான் எல்லாம் இருக்குமே என்று நான் நினைத்திருந்தேன். 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரில் அமெரிக்கப் படைவீரர்களின் ஆவணக் காப்பகம் தீப்பிடித்ததில் 1.6 கோடி முதல் 1.8 கோடி கோப்புகள் வரை போய்விட்டன, அந்த ஆவணங்களுக்கு அங்கே மாற்றுப் பிரதியும் இல்லை. அதில் கோப்பு எரிந்துபோன எத்தனையோ குடும்பங்களுக்கு வீட்டுப் பெட்டியில் கிடந்த தாள்தான் ஆதாரம். அதனால் அசலை யாருக்கும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும். அசலைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் நீங்களே கொண்டுபோய்க் காட்டிவிட்டு உங்கள் கையாலேயே திருப்பிக் கொண்டுவாருங்கள். காலிப் படிவத்தில் கையெழுத்து வேண்டவே வேண்டாம். ஓடிபி கேட்டால் போனை வைத்துவிடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம் மனுவை வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

போலீஸில் புகார் கொடுத்த பிறகு டிஸ்சார்ஜ் பேப்பரும் திருமணச் சான்றும் கூரியரில் வந்து சேர்ந்தன. மருத்துவக் குழு அறிக்கை மட்டும் இன்னும் வரவில்லை. அதன் நகல் கேட்டு ஆவணப் பிரிவுக்குப் போன வாரம் எழுதியிருக்கிறோம். கடித உறையின் மேல் நம்பரை அம்மாவே எழுதினார்.