கொழிஞ்சாம்பாறைப் பகுதியில் மண்கரைக் குளம் அமைக்கும் ஒரு குழுவின் வேலை பற்றி

கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஆகிய ஊர்கள் கேரளத்தில் இருந்தாலும் மழையளவில், மழை குறைந்த கோவைப் பக்கத்தையே ஒத்தவை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி தமிழ்நாடு கேரளத்துக்கு எல்லையிலுள்ள மணக்கடவு தடுப்பணையில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) நீர் தர வேண்டும் என்றாலும், கடைமடைத் தோட்டங்களுக்கு வாய்க்கால் நீரை மட்டும் நம்பியிருக்க இயலாது. ஆகவே எங்கள் தோட்டத்தின் தாழ்வான மூலையில் மழைநீரை மறித்து, மீனுக்கும் பறவைகளுக்கும் பயன்படும் சிறு குளம் ஒன்றை அமைக்கும் பொறுப்பை இப்பகுதிக் குழு ஒன்றிடம் ஒப்படைத்தோம்.

கரை வேலையைத் தயக்கமின்றிப் பாராட்டுகிறேன். கரையின் நடுக்கோடு நெடுகிலும் கெட்டியான களிமண் தட்டும் வரை அகழி வெட்டி, அதை நல்ல களிமண்ணால் நிரப்பி இறுக்கிய பிறகே மேலே மண் போட்டார்கள். கரைக்கு அடியில் நீர் கசிந்தோடாமல் தடுப்பது இந்த அகழிதான், ஆனால் வேலை முடிந்தபின் அது யார் கண்ணுக்கும் தெரியாது என்பதால் பலர் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். மண்ணை அரையடி அடுக்குகளாகப் பரப்பி, ஈரப்பதம் பார்த்து, ஒவ்வோர் அடுக்கின்மீதும் ரோலர் ஓட்டினார்கள். சித்தூர் வட்டத்துக் கரிசல் காய்ந்தால் வெடிக்கும் என்பதை அறிந்து, அதைக் கரையின் உள்ளே மட்டும் வைத்துச் செம்மண்ணால் மூடினார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றில் அலை கிழக்குக் கரையைத்தான் அரிக்கும் என்று சொல்லி, அந்த உட்சரிவில் கல் பதித்தார்கள். கரைமேல் வரிசையாகத் தென்னை வைக்க என் மாமனார் விரும்பியபோது, பட்டுப்போன மரத்தின் வேர் மட்கினால் அதுவே நீர் புகும் வழியாகிவிடும் என்று பொறுமையாக விளக்கி, வெட்டிவேரும் அருகம்புல்லும் நட்டுக் கொடுத்தார்கள். மிகுதி நீர் வழிந்தோடும் கலிங்கையும் புதுக்கரையில் வைக்காமல், பக்கத்து இயற்கை மேட்டில் வெட்டினார்கள்.

குறை வேறிடத்தில் உள்ளது. மீன் வளர்ப்புக்குரிய ஆழம் மட்டுமே இவர்கள் கருத்தில் இருப்பதால், நான்கு பக்கமும் செங்குத்தாக இறக்கிவிட்டார்கள். கொக்கும் நாரையும் நின்று இரை தேடச் சாணளவு, முழங்காலளவு நீர் வேண்டும். முக்குளிப்பானும் தாழைக்கோழியும் கூடு கட்டக் கோரை வளரும் ஆழமற்ற ஓரம் வேண்டும். தவளைக் குஞ்சுகள் மீன்களிடமிருந்து தப்பவும் அதே ஓரம்தான் இடம். கேட்டதும் வடக்குப் பக்கத்தைச் சரித்துக் கொடுத்தார்கள், ஆனால் மண் அள்ளும் ஹிட்டாச்சி எந்திரத்துக்குக் கூடுதல் மணிநேர வாடகை வாங்கினார்கள். குளம் எதற்காக என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்ததால், இது முதல் வரைபடத்திலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மீன் விஷயத்திலும் இவர்கள் சொன்ன திலேப்பியாவை நாங்கள் ஏற்கவில்லை. அது குளத்திலேயே பெருகி நாட்டு மீன்களை நெருக்கிவிடும். கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தேங்கிய நீரில் இனப்பெருக்கம் செய்வதில்லை என்பதால் அவற்றின் எண்ணிக்கை நம் கையில் இருக்கும். மேல்நீர், இடைநீர், அடிநீர் என மேய்ச்சலும் பிரிந்துவிடும்.

முதல் மழையில் குளம் நிரம்பியபோது இவர்கள் தாமாகவே வந்து, கரையின் வெளியடியை நடந்து பார்த்தார்கள். அங்கே ஓரிடத்தில் ஈரம் கசிந்தது. தெளிந்த நீர் கசிந்தால் கவனித்து வந்தால் போதும், கலங்கலாக வந்தால் கரைமண் அரிபடுகிறது என்று பொருள், உடனே நீரை இறக்கிவிட்டு எங்களை அழையுங்கள் என்று சொல்லிச் சென்றார்கள். இதுவரை தெளிவாகவே கசிகிறது.